முன்பணம் எவ்வளவு என்று கேளுங்கள்

தமிழ்நாட்டில் பணியாற்றும் வருவாய்க் கோட்டாட்சியர்களுக்கும் சார் ஆட்சியர்களுக்கும்,



பட்டா மேல்முறையீடு, நில எடுப்பு, சாதிச் சான்று, வாக்காளர் பட்டியல், தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற அமைதிப் பேச்சு, வெள்ளம் வந்தால் முகாம் என்று ஒரு கோட்டத்தின் அத்தனை வில்லங்கமும் உங்கள் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. அவற்றுக்கு நடுவே உங்களுக்கு இருக்கும் ஓர் அதிகாரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு மனிதரைக் கொத்தடிமை நிலையிலிருந்து விடுவித்து, இன்று முதல் இவர் அந்தக் கடனுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை என்று எழுதிக் கையெழுத்திடும் அதிகாரம். இதற்காக எந்த ஏழையும் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை. உங்கள் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் போதும்.

1975 அக்டோபர் 24 அன்று அவசரச் சட்டமாக வந்து, 1976-ல் நாடாளுமன்றச் சட்டமான கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இந்த அதிகாரத்தை மாவட்ட நடுவரான ஆட்சியரிடம் கொடுத்தது. அவர் வழியாக அது உங்களிடம் வந்திருக்கிறது. சட்டம் வந்து ஐம்பதாண்டு ஆகிவிட்டது. உங்களில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். பயிற்சிக் காலத்தில் இதைப் பற்றி ஒரு வகுப்பு கேட்டிருப்பீர்கள். மற்றதெல்லாம் வேலையில் சேர்ந்தபின், ஏதோ ஒரு விடியற்காலையில், ஏதோ ஒரு செங்கல் சூளையின் முன்னால் நின்று கற்றுக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் மேசைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அதை முதலில் சொல்ல வேண்டும்.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து மனிதர்களைக் கப்பலேற்றியது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அதற்குத் துறைமுகங்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் வியாபாரம் பெருகியது. தன்னையும் பிள்ளையையும் விற்றால்தான் கஞ்சி என்ற நிலைக்கு வந்தவர்களை வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பினார்கள். பழவேற்காடு இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் நம் காலத்தில் கொத்தடிமைகளை மீட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடல் கடந்து போனவர்களை விடுங்கள். ஊரோடு இருந்தவர்கள் கதையும் அதுதான். காவிரிப் படுகையிலும் தொண்டை மண்டலத்திலும் நஞ்சை நிலத்தோடு சேர்த்து ஆட்களை விற்றார்கள், அடகு வைத்தார்கள், சீதனமாகக் கொடுத்தார்கள். அதற்கு எழுதிய ஆளோலைகள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' என்ற நூலை உங்கள் அலுவலக அலமாரியில் சட்டப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். 1819-ல் சென்னை வருவாய் வாரியம் இந்த அடிமை முறை பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டது. அடிமைகளை விடுவித்தால் நஞ்சை சாகுபடி கெடும், சாகுபடி கெட்டால் வரி வசூல் கெடும் என்ற கவலை அந்தக் கடிதப் போக்குவரத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. வாரியம் ஒன்றையும் மாற்றவில்லை.

1843-ல் ஐந்தாம் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்க 1833-ல் லண்டன் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் கம்பெனியின் இந்தியப் பகுதிகளுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். பத்தாண்டு கழித்து அந்தக் குறையை நிரப்ப வந்ததுதான் இது. அதன் முதல் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ, குத்தகை பாக்கிக்காகவோ, வரி பாக்கிக்காகவோ, அடிமை என்ற பெயரில் எந்த மனிதரையும் எந்த அரசு அதிகாரியும் விற்கக் கூடாது என்கிறது. முதல் பிரிவையே அதிகாரிகளுக்காக எழுத வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மாடு, பாத்திரம், நிலம் இவற்றோடு ஆளையும் ஜப்தி செய்து ஏலம் விடலாம் என்ற நிலை அதற்கு முன் இருந்திருக்கிறது.

அந்தச் சட்டம் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று மட்டும் சொன்னது. தண்டனை இந்திய தண்டனைச் சட்டத்தோடுதான் வந்தது. அதற்குள் இன்னொரு கதவைத் திறந்துவிட்டார்கள். 1859-ன் பதின்மூன்றாம் சட்டம், வேலை ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளரைத் தண்டிக்கும் சட்டம். முன்பணம் வாங்கியவர் வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் வேலையைச் செய் என்று உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களில் தொடங்கி மற்ற இடங்களுக்கும் பரவிய இந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்களும் கங்காணி கொடுத்த முன்பணத்தோடுதான் கப்பலேறினார்கள். அங்கே கடன் தொகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தத் துண்டோடு ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றினார்கள். அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921-ல்.

ஓடிப்போன தொழிலாளியைப் பிடித்து முதலாளியிடம் ஒப்படைக்க அறுபதாண்டுக்கும் மேல் துணை நின்றது மாஜிஸ்திரேட்டின் மேசை. 1976-ல் சட்டம் அந்த மேசையைத் திருப்பிப் போட்டது. முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் பிடித்து வைப்பதே குற்றம், அந்தக் கடனே செல்லாது, அதை வசூலிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. இன்று அந்த மேசையின் முன்னால் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இனி இன்றைய நிலைமைக்கு வருகிறேன்.

நான் வடமாவட்டங்களின் சூளைகளைப் பற்றியும் அரிசி ஆலைகளைப் பற்றியும் நெடுங்காலமாக எழுதி வருகிறேன். ஒரு சூளையின் இரவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், நீங்கள் பகலில் போயே பழகியவர்களாக இருக்கலாம் என்பதால். நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணிக்கு வேலை தொடங்கும். முதல் நாள் மாலையே குழைத்து வைத்த மண்ணை ஆண் மிதித்துப் பதமாக்கிக் கொண்டுவந்து கொட்டுவார். பெண் குந்தி உட்கார்ந்து அச்சில் மண்ணை அடித்து, மேல் மண்ணை வழித்தெறிந்து, களத்தில் கவிழ்ப்பார். கவிழ்த்த இடத்திலிருந்து எழாமலே ஒரு சாண் பின்னால் நகர்வார். விடிவதற்குள் அந்தக் குந்திய நிலையிலேயே களத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போயிருப்பார். வெயில் ஏறியதும் பச்சைக் கல்லைப் புரட்டி நிறுத்த வேண்டும். ஈரம் காயாத கல்லின் மேல் பெரியவர்கள் கால் பட்டால் உடைந்துவிடும். அதனால் அந்த வேலைக்கு ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குப் பாரம் இல்லையே. மழை பெய்து கல் கரைந்தால் அந்த நஷ்டம் குடும்பத்தின் தலையில். எண்ணும்போது உடைசலுக்கு என்று சில கற்கள் கழியும். சனிக்கிழமை செலவுக்காசு கொடுப்பார்கள், அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஆகிற அளவு. மீதிக் கூலி முன்பணத்தில் கழிகிறது என்பார்கள். எவ்வளவு கழிந்தது என்பது மேஸ்திரியின் நோட்டில் இருக்கும். நோட்டு மேஸ்திரியின் சட்டைப் பையில் இருக்கும்.

அரிசி ஆலை என்றால் நெல் அவிப்பதும் களத்தில் காயவைத்துக் காலால் துழாவுவதும். விறகு வெட்டு என்றால் கருவேலங்காட்டுக்குள் ஒரு தார்ப்பாய்க் குடிசை, ஒரு வெட்டு முடிந்ததும் லாரியில் ஏற்றி அடுத்த காட்டுக்கு. ஆடு மேய்ப்பதற்கும் வாத்து மேய்ப்பதற்கும் பையன்களை விட்டுப்போவது இன்னொரு வகை. 2025-ல் ஆந்திரத்தில் வாத்து மேய்ப்பவரிடம் கடனுக்கு ஈடாக விடப்பட்ட ஏனாதி இனத்துச் சிறுவன் ஒருவனின் உடல் காஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. பணத்தைப் புரட்டிக்கொண்டு மகனை மீட்க வந்த தாய்க்கு அந்த உடல்தான் கிடைத்தது.

இப்படிச் சிக்கியவர்களில் பெரும்பகுதி இருளர் பழங்குடியினர். ஏன் இவர்கள் என்று உங்களில் யாராவது யோசித்திருக்கக்கூடும். பாம்பும் எலியும் பிடித்து, கிழங்கும் தேனும் மூலிகையும் எடுத்து, யாருக்கும் கைகட்டாமல் இருந்த சனம் இது. காட்டுக்குள் போக முடியாதபடி காட்டுச் சட்டங்கள் இறுகின. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அடுத்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புத் தோல் வியாபாரத்தை நிறுத்தின. காட்டுயிருக்கு அது நல்லது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை நம்பியிருந்த மனிதருக்கு மாற்று வழி காட்ட யாரும் நினைக்கவில்லை. 1978-ல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சில நூறு பேருக்குத்தான் வாழ்வு கொடுத்தது. மற்றவர்கள் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டார்கள். மனைப்பட்டா இல்லை, சாதிச் சான்று இல்லை, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கை நீட்ட ஓர் ஆள் இல்லை. ஐப்பசி மழையில் வேலையும் இல்லாதபோது பத்தாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு குடிசை வாசலுக்கு வருகிறவர் மேஸ்திரி ஒருவர்தான்.

ஒரு விசாரணையைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். சூளையிலிருந்து அழைத்து வந்த நான்கு இருளர் குடும்பங்கள் தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தன. சூளைக்காரர் உள்ளே, அதிகாரிக்கு எதிரே நாற்காலியில். ஒவ்வொரு குடும்பமாக உள்ளே கூப்பிட்டார்கள். "உன்னை அடிச்சாங்களா?" இல்லை. "ரூம்ல போட்டுப் பூட்டினாங்களா?" இல்லை. "சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தாங்களா?" கொடுத்தாங்க. முதலாளியின் முகத்தைப் பார்த்தபடியே ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள். "நான் என்ன தூக்கிக்கிட்டா வந்தேன்? பணத்தை வாங்கிக்கிட்டுத்தானே வந்தாங்க" என்றார் சூளைக்காரர். அந்தக் குடும்பங்களில் ஒரு பெண், கைக்குழந்தையோடு, கேட்காமலே சொன்னார்: "பத்தாயிரம் வாங்கினோம் சாமி. மூணு வருசமா கல்லு அறுக்கிறோம். இன்னும் எவ்ளோ பாக்கின்னு மொதலாளிக்குத்தான் தெரியும்."

அந்த ஒரு வாக்கியம் போதும், முழு வழக்கும் அதில் இருக்கிறது. கடன் இருக்கிறது, கடனுக்கு ஈடாக உழைப்பு இருக்கிறது, கணக்கு ஒரு பக்கத்திடம் மட்டும் இருக்கிறது, கடன் தீரும்வரை வேறிடம் போக முடியாது. அதிகாரி அதைக் காதில் வாங்கிக்கொண்டார். தாளில் எழுதவில்லை. கூலித் தகராறு என்று எழுதி, இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். சாயங்காலம் சூளைக்காரரின் டிராக்டரிலேயே அந்தக் குடும்பங்கள் திரும்பிப் போயின. அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. குழந்தைகளுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

அடித்தார்களா, பூட்டினார்களா என்று சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. பிரிவு 2-ஐ ஒரு முறை எடுத்துப் படியுங்கள். முன்பணமோ பழைய கடனோ வழிவழியாக வந்த வழக்கமோ காரணமாக ஒருவர் உழைக்கிறார், அதோடு கூலியே இல்லை அல்லது பெயருக்குக் கூலி, அல்லது வேறு வேலைக்குப் போகும் சுதந்திரம் இல்லை, அல்லது விரும்பிய இடத்துக்குப் போய்வரும் சுதந்திரம் இல்லை, அல்லது தன் உழைப்பை, விளைபொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை இல்லை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். நான்கும் வேண்டியதில்லை. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைப் பிரிவு 15 கடன் கொடுத்தவர் மேல் வைத்திருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்ணிடம் ஆதாரம் கேட்பது சட்டத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியிருக்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982-ல், நீதிபதி பி.என். பகவதி தந்த தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் தள்ளுவதும் வற்புறுத்தல்தான், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்றது அது. ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக பந்துவா முக்தி மோர்ச்சா தொடுத்த வழக்கில் 1983-ல் இன்னும் ஓர் அடி போனார்கள். ஒருவர் கட்டாய உழைப்பில் இருக்கிறார் என்று தெரிந்தாலே, அது முன்பணத்துக்காகத்தான் என்று ஊகித்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது முதலாளியின், அரசின் வேலை என்றார்கள். அரசின் வேலை என்ற சொற்கள் அந்தத் தீர்ப்பில் சும்மா வரவில்லை. அந்த வழக்கில் கொத்தடிமை யாரும் இல்லை என்று வாதாடியது ஹரியானா அரசு.

நம் மாநிலமும் அப்படி வாதாடியதுண்டு. 1995-ல் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். அரசு ஏற்கவில்லை. எண்ணிக்கையைக் கண்டு அஞ்சுவது நிர்வாகத்தின் பழைய வியாதி. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2030-க்குள் 1.84 கோடிப் பேரை மீட்டு மறுவாழ்வு தருவதாக 2016-ல் இலக்கு அறிவித்தது. 1978-லிருந்து மறுவாழ்வு பெற்றவர்கள் நாடு முழுவதும் சுமார் மூன்று லட்சம் பேர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பவர்கள் யாருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் கோட்டத்தில் கொத்தடிமைகளைக் கண்டுபிடிப்பது உங்களுக்கு அவப்பெயர் இல்லை. கண்டுபிடிக்காமல் விட்டதை உங்களுக்குப் பின் வருபவர் கண்டுபிடித்தால்தான் அவப்பெயர்.

உங்களிடம் சொல்லப்படும் சமாதானங்களை நானும் கேட்டிருக்கிறேன். விருப்பப்பட்டுத்தான் வந்தார்கள் என்பார்கள். பிள்ளையின் சிகிச்சைக்குப் பணம் வாங்கியவரின் விருப்பத்தை எடை போட என்ன தராசு இருக்கிறது? சீசன் நடுவில் ஆளைக் கூட்டிப்போனால் சூளைக்காரருக்கு நஷ்டம் என்பார்கள். 1819-ன் வரி வசூல் கவலைக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சிறு சூளைக்காரரும் கடனில் ஓடுகிறவர்தான், உண்மை. அவர் கடனை அவர் வங்கியோடு பேசிக்கொள்ளட்டும், ஒரு குடும்பத்தின் முதுகில் ஏற்ற வேண்டாம். மீட்டாலும் திரும்ப அங்கேதான் போகிறார்கள் என்பதுதான் அதிகம் கேட்கிற பேச்சு. போகிறார்கள், மறுக்கவில்லை. வெறுங்கையோடு அனுப்பினால் திரும்பித்தான் போவார்கள்.

அதனால்தான் விடுவிப்புச் சான்றிதழை மீட்ட அன்றே கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்தத் தாள் இல்லாமல் மறுவாழ்வுத் திட்டத்தின் எந்தக் கதவும் திறக்காது. இப்போதைய மத்தியத் திட்டப்படி உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, அதற்குத் தண்டனைத் தீர்ப்பு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. முழு உதவித் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகளுக்கு ஆளானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநர்களுக்கும் 3 லட்சம். இந்த முழுத் தொகை வழக்கு முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. என் பார்வையில் அது அநியாயம், சட்டம் செய்பவர்களிடம் வேறொரு மடலில் கேட்க வேண்டிய விஷயம். ஆனால் குற்றப்பத்திரிகை ஒழுங்காகப் போவதும் சாட்சி வாக்குமூலம் தெளிவாக இருப்பதும் முதல் நாள் நீங்கள் எழுதும் அறிக்கையைப் பொறுத்தவை. உடனடி உதவிக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 10 லட்ச ரூபாய் நிதி ஆட்சியரிடம் நிலையாக இருக்க வேண்டும் என்றும் திட்டம் சொல்கிறது. இருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் நீங்களே கேட்கலாம்.

சான்றிதழைக் குடும்பத் தலைவர் பெயரில் ஒன்றே ஒன்று எழுதி முடித்துவிடாதீர்கள். அச்சடித்தவர் மனைவி, கல் புரட்டியது பிள்ளைகள். அவர்களும் தனித்தனியாக விடுவிக்கப்பட வேண்டியவர்கள். பெண்களின் பெயர் விடுபடும்போது அவர்களுக்கு உரிய தொகையும் விடுபட்டுப் போகிறது.

வெளிமாநிலத்தார் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களில் நுவாகாய் அறுவடைத் திருநாளை ஒட்டி சர்தார் எனப்படும் தரகர்கள் முன்பணம் கொடுக்கிறார்கள். அந்தக் குடும்பங்கள்தான் பிறகு நம் சூளைகளில் வந்து சேர்கின்றன. மீட்டதும் டிக்கெட் எடுத்து ரயிலேற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் வழக்கம் இருக்கிறது. சான்றிதழ், அவர்கள் கண்டுபிடிக்கப்பட்ட இடத்திலேயே, உங்கள் கையால்தான் எழுதப்பட வேண்டும். தாள் இல்லாமல் பலாங்கீர் போய் இறங்குகிறவரை அங்கே உள்ள அதிகாரி எதை வைத்துக் கொத்தடிமை என்று ஏற்பார்? சர்தார் மட்டும் அவரை அடையாளம் கண்டுகொண்டு, போன சீசன் பாக்கியைக் கேட்டு வாசலில் நிற்பார்.

இருளர் குடும்பம் என்றால் இன்னொரு தாளும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. பழங்குடிச் சான்று. ஒரே வாரத்தில் இரண்டையும் கொடுத்த கோட்டாட்சியர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கொடுத்த இடங்களில் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகிறார்கள், மனைப்பட்டா வருகிறது, தொகுப்பு வீடு வருகிறது. அந்தக் குடிசை வாசலுக்கு மேஸ்திரி வந்தால் வேண்டாம் என்று சொல்ல ஒரு தெம்பு வருகிறது. மீட்கப்பட்டவர்களே சேர்ந்து சங்கம் வைத்து, அடுத்த சூளையில் இருப்பவர்களைப் பற்றி உங்களுக்கு மனு எழுதுகிறார்கள். அந்த மனுக்களை மொட்டைக் கடிதம்போல் ஒதுக்காதீர்கள். அந்தச் சூளையின் உள்புறத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதியவை அவை.

மனு வந்ததும் நீங்கள் கிராம அலுவலருக்குத் தகவல் அனுப்பி, அவர் ஊரில் ஒருவரிடம் கேட்டு, அது சூளைக்காரர் காதுக்குப் போய், நீங்கள் போய்ச் சேரும்போது களம் காலியாக இருந்த கதைகள் ஏராளம். பச்சைக் கல் ஈரம் காயாமல் கிடக்கும், அடுப்பில் சாம்பல் சுடும், ஆட்கள் மட்டும் தைலமரத் தோப்புக்குள் இருப்பார்கள். போகும் நேரம் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். போனபின் முதலாளியை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, தொழிலாளர்களை வேறிடத்துக்கு அழைத்துப்போய், அவர்கள் மொழி தெரிந்தவரை வைத்து, பெண்களிடம் பெண் அலுவலரை விட்டு, நிதானமாகப் பேசுங்கள். முன்பணம் எவ்வளவு, எப்போது வாங்கினீர்கள், இதுவரை எத்தனை கல் அறுத்தீர்கள், மீதி எவ்வளவு என்று யார் சொல்வது, நடுவில் ஊருக்குப் போனீர்களா, போகும்போது யாரை இங்கே விட்டுப்போனீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். சாவு வீட்டுக்குப் போக வேண்டுமென்றாலும் ஒரு பிள்ளையைச் சூளையில் விட்டுப்போகச் சொல்வது வழக்கமாக இருக்கிறது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் இரண்டு விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை உங்களைப் போன்ற சார் ஆட்சியர்கள்தான் மீட்டார்கள். பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஒரு முதியவர் வட்டாட்சியரின் காலில் விழுந்து கிடந்த படம் அப்போது நாடெங்கும் பரவியது. பலர் அதைப் பார்த்து நெகிழ்ந்தார்கள். எனக்கு அந்தப் படம் வேதனையாக இருந்தது, இன்றும் இருக்கிறது. அவர் பெற்றது ஒருவரும் அவருக்குக் கொடுத்த தர்மம் இல்லை. 1976-லேயே அவருக்குச் சொந்தமான ஒன்று, அவர் கைக்கு வர நாற்பத்து மூன்று ஆண்டு ஆகியிருக்கிறது. அந்த அதிகாரிகளை மனதாரப் பாராட்டுகிறேன். இனி எந்த முதியவரும் எந்த அதிகாரியின் காலிலும் விழத் தேவையில்லாதபடி இது வழக்கமான அலுவலக வேலையாக வேண்டும், சாதிச் சான்று கொடுப்பதுபோல.

உலகத் தொழிலாளர் அமைப்பு 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி கட்டாய உழைப்பில் இருப்பவர்கள் உலகம் முழுவதும் 2.8 கோடிப் பேர். அந்தக் கோடிகளை நீங்களோ நானோ தீர்க்க முடியாது. உங்கள் கோட்டத்தில் எத்தனை சூளை, எத்தனை அரிசி ஆலை, எங்கெங்கே விறகு வெட்டு என்பது எண்ணி முடிக்கக்கூடிய கணக்கு. சட்டத்தின் பிரிவு 13 உங்கள் கோட்ட அளவிலேயே ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பிரதிநிதிகளும் சமூகப் பணியாளர்களும் அதில் உறுப்பினர்கள். அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கோப்பை எடுத்துப் பாருங்கள். உறுப்பினர்களில் ஒருவராவது கொத்தடிமையாக இருந்து மீண்டவராக இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை விட்டதும், தை பிறந்ததும் சூளைகள் தொடங்கும். முன்பணம் அதற்கு முன்பே கைமாறியிருக்கும். செங்கல் மண் எடுக்க அனுமதி கேட்டு வந்த விண்ணப்பங்கள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கின்றன, சூளை எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. மனு வரும்வரை காத்திருக்காமல் இந்தத் தையில் ஒவ்வொரு சூளைக்கும் நீங்களே ஒரு முறை போய்வாருங்கள். முத்திரையையும் சான்றிதழ்ப் படிவங்களையும் ஜீப்பிலேயே எடுத்துப் போங்கள்.